வாடகை மழை

ஒரு நிமிட மழைக்கு ஐந்நூறு லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று ஆரிஃப் சொன்னபோது, லியோனார்ட் தன் வீட்டுக் குளியலறையில் மீதமிருந்த ஒன்றரை வாளியை நினைத்துக்கொண்டார். காலை பத்து மணி. வெளியே ஜோகூரின் கெலாங் பாத்தா ஊர் வெயிலில் அவருடைய தண்ணீர் லோரி கொதித்துக்கொண்டு நின்றது. கொட்டகைக்குள்ளே இருட்டு. விமானத்தை நிறுத்திவைக்கும் அளவுக்குப் பெரிய அந்த இடத்தில் ஒரு முழுத் தெருவையே கட்டியிருந்தார்கள். மதுக்கடை, முடிதிருத்தும் கடை, சாய்ந்த விளக்குக் கம்பம் எல்லாமே கறுப்பும் சாம்பலுமாக. கூரைக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக மழைக் குழாய்கள். அவற்றுக்கு ஆரிஃப்தான் பொறுப்பு.

"சூப்பர் ஹீரோ சீரியல்ணே இது. மத்த எபிசோட்ல எல்லாம் பறப்பான், லோரியத் தூக்கி வீசுவான். இது மட்டும் பழைய துப்பறியும் படம் மாதிரி, பிளாக் அண்ட் வொயிட். அவனுக்குப் பவர் போயிருச்சு. தொப்பியப் போட்டுக்கிட்டு, ஒரு பொம்பளையக் கொன்னது யாருன்னு தேடி அலைவான். நம்மள மாதிரி நனைவான் லா."

லியோனார்ட் தலையாட்டினார். மூன்று நாள் படப்பிடிப்பு, ஒரு நாளைக்கு நான்கு நடை தண்ணீர். அவருக்கு அவ்வளவுதான் தெரியவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை ஆற்றின் மேல்பக்கம் யாரோ கழிவைக் கொட்டிவிட்டார்கள் என்று சுத்திகரிப்பு நிலையத்தை மூடியிருந்தார்கள். அன்றிலிருந்து அவர்களுடைய அடுக்குமாடியில் குழாய் திறந்தால் காற்றுதான் வந்தது. லியோனார்டின் கம்பெனி வேறு வட்டாரத்தில் தண்ணீர் எடுத்ததால் அவருடைய லோரி மட்டும் நிரம்பித் தளும்பியது. வேறு வீடென்றால் எப்படியாவது சமாளித்திருப்பார்கள். அவர் மனைவி வினிஃப்ரெட்டுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருடம் ஆகிறது. வயிற்றில் பதித்த குழாய் வழியாக ஒரு பை மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வெளியேற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அதற்கு முன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். கிருமி ஒன்று உள்ளே போனால் போதும். வெளியேறிய நீர் நிறைந்த பையை அவள் பழைய பேப்பரின் மேல் வைத்து, அதனூடே தலைப்புச் செய்தியை வாசிப்பாள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அன்றைக்குப் பிழைத்தாயிற்று. சில நாள் வேண்டுமென்றே உரக்க வாசித்து அவரை எழுப்புவாள்.

இரண்டாம் நாள் லியோனார்ட் முதலாளி மூர்த்திக்குப் போன் செய்தார். போகிற வழியில்தான் வீடு, பத்து நிமிடம் நிறுத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டார். மூர்த்தி கெட்டவர் இல்லை. "அண்ணே, நீங்க நிறுத்துனா பிளாக்கே வாளியோட இறங்கி வரும். யாரை வேணாம்னு சொல்வீங்க? அங்க ஷூட்டிங் நின்னா என் கான்ட்ராக்ட் போயிரும்" என்றார். லியோனார்ட் நிறுத்தவில்லை. அன்று மதியம் அடுக்குமாடியைக் கடந்தபோது சாலையோரத்தில் வாளிகளும் பெயின்ட் டப்பாக்களும் வரிசையாக இருந்தன. கீழ்வீட்டு சம்சாத் பேகம் லோரியைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்தபடி எழுந்து கையசைத்தார். தங்களுக்குத்தான் வருகிறது என்று நினைத்திருப்பார். லியோனார்ட் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பன்னிரண்டாயிரம் லிட்டரோடு அவரைத் தாண்டிப் போனார்.

மூன்றாம் நாள் நாயகன் விளக்குக் கம்பத்தின் கீழ் நின்று நனையும் காட்சி. பதினோரு முறை எடுத்தார்கள். வெள்ளைக்கார நடிகனுக்கு உதடு வெளுத்துவிட்டது. ஒவ்வொரு முறை மழை நின்றதும் இரண்டு பேர் ஓடிப்போய் அவனைத் துண்டால் போர்த்தினார்கள். தெருவில் தேங்கிய தண்ணீர் ஓரத்துச் சல்லடைகள் வழியாக ஒரு குழிக்குள் இறங்கியது. அன்றைய வேலை முடிந்ததும் லியோனார்ட் இரண்டு கேன்களை எடுத்துக்கொண்டு ஆரிஃபிடம் போனார்.

"தாராளமா எடுத்துக்குங்கண்ணே. ஆனா மதியத்துக்கு மேல செட்டுல கொட்டுன தண்ணியத்தான் திருப்பி உங்க டேங்க்ல ஏத்துனோம். டாய்லெட்டுக்குத்தானே?"

"ஆமா" என்றார் லியோனார்ட். அப்போது அது பொய்யில்லை. வீட்டுக்குப் போய்க் காரை எடுத்துக்கொண்டு பொந்தியானில் இருக்கும் தம்பி கில்பர்ட் வீட்டிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவருவதாகத்தான் நினைத்திருந்தார். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஆனால் படியேறி வந்து கேன்களை இறக்கி நாற்காலியில் உட்கார்ந்ததும் பன்னிரண்டு மணி நேர வேலை அவரை அப்படியே அமுக்கிவிட்டது. கடைகளில் பாட்டில் தண்ணீர் முதல் நாளே தீர்ந்திருந்தது. வினிஃப்ரெட் இரவுப் பையைச் சூடாக்கி வைத்துவிட்டு, வறண்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"தண்ணி கிடைச்சிருச்சாங்க? எங்கேர்ந்து?"

"கில்பர்ட் வீட்டுல புடிச்சேன்."

"அவ்வளவு தூரமா போயிட்டு வந்தீங்க? காய்ச்சணுமா?"

"குழாய்த் தண்ணிதான். கை கழுவத்தானே, அப்படியே ஊத்து."

அவரே குவளையால் மொண்டு ஊற்றினார். தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. அவள் விரலிடுக்குகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

இரண்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த நாள் விடியற்காலையில் வினிஃப்ரெட் எதையும் வாசிக்கவில்லை. பை கஞ்சித்தண்ணீர்போல் கலங்கியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவளை ஜோகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தாதி ஒருத்தி படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள், "ஆன்ட்டி, தண்ணி இல்லாதப்போ எதுல கை கழுவுனீங்க?" வலியில் பல்லைக் கடித்தபடி வினிஃப்ரெட்டே பதில் சொன்னாள். "இவருதான் பொந்தியான்ல இருந்து தூக்கிட்டு வந்தாரு. நல்ல தண்ணி." லியோனார்ட் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். கிருமி எப்படி வேண்டுமானாலும் வந்திருக்கலாம், முதல் இரண்டு நாளிலேயேகூட வந்திருக்கலாம் என்றார் டாக்டர். லியோனார்ட் அந்த வாக்கியத்தைப் பல மாதம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒரு முறைகூட அது முழுதாக நம்பும்படி இல்லை.

வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். இனி அந்த வழி உதவாது. இடது கையில் இரத்தக் குழாய்களை அறுவை செய்து இணைத்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு. வினிஃப்ரெட் தேவாலயப் பாடற்குழுவிலிருந்து நின்றுவிட்டாள். மகள் ஷர்மைன் சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோனாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷர்மைன்தான் அந்த எபிசோடை டிவியில் போட்டாள். "அலமாக், டாடி, இது உங்க மழை! ஃபுல்லா உங்க மழைதான்!" என்று சிரித்துவிட்டுத் தேநீர் போடச் சமையலறைக்குப் போனாள். திரையில் தொப்பிக்காரன் ஈரத் தெருவில் நடந்தான். கொன்றவனைக் கண்டுபிடிக்க முடியாமல் விளக்கின் கீழ் நின்றான். கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு துளியும் கம்பிபோல் பளபளத்து இறங்கியது. லியோனார்ட் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"வினி, அன்னைக்கு நான் கேன்ல கொண்டாந்தது இந்தத் தண்ணி. பொந்தியானுக்கு நான் போவல."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சமையலறையில் கரண்டி கோப்பையில் மோதும் சத்தம் கேட்டது.

"ஆஸ்பத்திரியில இருந்தே கில்பர்ட்டுக்குப் போன் பண்ணேன்" என்றாள். "தண்ணி குடுத்ததுக்கு தேங்க்ஸ் சொல்லலாம்னு."

"என்ன சொன்னான்?"

"என்ன தண்ணி அண்ணின்னு கேட்டாரு."

எட்டு மாதம். எட்டு மாதமாக அவர் அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டிருக்கிறார், வேனில் ஏற்றிவிட்டிருக்கிறார், மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

அவர் கை தன்னையறியாமல் அவள் பக்கம் நகர்ந்து, அவளுடைய இடது முன்கையின் மேல் விழுந்தது. தோலுக்கு அடியில், புடைத்து நெளிந்த நாளத்துக்குள், இரத்தம் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன மோட்டார்போல அது அவர் உள்ளங்கையில் அதிர்ந்தது. வினிஃப்ரெட் கையை இழுத்துக்கொள்ளவுமில்லை, திருப்பிப் பிடிக்கவுமில்லை. திரையில் பெய்துகொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வெளிச்சம் அவள் முகத்தில் சாம்பலாக ஏறி இறங்கியது.