சின்னக் கையின் பிடி அரிசி

ராணுவம் மலைப்பாதையை அடைத்த மழைக்காலத்திலிருந்து, சுய் லேயின் அரிசிப் பானையில் ஒவ்வொரு விடியலிலும், யாரும் போடாமலே, அன்றைக்கு வேண்டிய அரிசி இருந்தது. பொழுது சாய்ந்தால் ஒரு மணி அரிசிகூட மிஞ்சாது. சின் மலைக்காரர்கள் அதைப் பெரிதாகப் பேசவில்லை. பாதை அடைபட்டதில் வராமல் போன உப்புதான் அவர்கள் கவலையெல்லாம். தேவாலயச் சபைக்கு வீடுவீடாக அரிசி சேர்க்க வரும் தாவ் தியால் மட்டும், "ஆண்டவர் உனக்குன்னு கடை தொறந்திருக்கார், அடியே, உப்பும் சேர்த்துக் கேளு" என்று கேலி செய்வாள்.

சுய் லேய்க்குச் சிரிப்பு வரவில்லை. மலேசியாவுக்கு வேலைக்குப் போன புருஷனிடமிருந்து சேதியில்லை. மகள் மவி மலேரியாவிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தாள்; ஒரு வேளை தவறினால் சுருண்டுவிடுவாள். பானை மூடியில் கை வைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே கேள்விதான். இன்றைக்கு இருக்கிறது, சரி, நாளைக்கு? பசியைவிட அந்த நாளைதான் அவளைத் தின்றது.

உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனி டப்பாவில் போடுவது அங்கே வீட்டுக்கு வீடு வழக்கம். சமைப்பவள் கைதான் அளவு. ஒருநாள் பயம் முற்றிப்போய், அவள் மகளைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாள்.

"என் கை சின்னதும்மா."

"அதனாலதான் சொல்றேன். போடு."

மவி தன் கையைப் பார்த்துக்கொண்டே போட்டாள். மறுநாள் பானையில் மவியின் கைக்கு ஒரு பிடிதான் இருந்தது.

பாவி, நானே பிள்ளை வாயில் மண்ணைப் போட்டேனே என்று சுய் லேய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிடியில் பிள்ளைக்கு ஒரு வாய்க் கஞ்சியாவது ஆகும். டப்பாவையும் அடுப்பையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் தன் கையிலேயே அள்ளினாள்; உள்ளங்கைகூட நிறையவில்லை. டப்பாவில் போட்டுவிட்டு, சண்டைக்காரி குரலில் ஆண்டவரிடம் சொன்னாள்.

"இவ்வளவுதான் இருக்கு. எடுத்துக்குங்க. இவளை நீங்கதான் பாத்துக்கணும்."

அடுப்பு புகையாவிட்டால் அக்கம்பக்கம் கேட்குமே என்று வெறும் தண்ணீரை உலை வைத்தாள். தண்ணீர் கொதித்தது. சற்று நேரத்தில் கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. மவி இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு, உப்பில்லை என்று முகம் சுளித்தாள்.

பின்னொரு நாள் பாதை திறந்தது. புருஷன் இளைத்துப்போய் வந்து சேர்ந்தான். மவி வளர்ந்து, அம்மாவைவிடப் பெரிய கைகளோடு புகுந்த வீட்டுக்குப் போனாள். சுய் லேய் இன்றும் விடியலில் நடுங்கிக்கொண்டேதான் மூடியைத் திறக்கிறாள். அரிசி இருக்கிறது.