ஏணியை இழுத்தவள்

பஞ்சர் கடையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புதிதாக வரும் வண்டிக்காரர்கள் கொஞ்சம் தயங்குவார்கள். "வீட்டுக்காரர் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "எல்லாம் நான்தான், எந்தச் சக்கரம்?" என்று அவள் பதில் சொல்வதற்குள் ஸ்பேனர் கைக்கு வந்திருக்கும். இரண்டாவது முறை வரும்போது அந்தக் கேள்வி இருக்காது. மூன்றாவது முறை அவர்களும் தெருவோடு சேர்ந்து "காத்தக்கா" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

கடை அவள் கணவர் வைத்தது. அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. ஒரு ஆலைக்குப் பின்னால் இருந்த கழிவுநீர்க் குழிக்குள் இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள். அவர்களைத் தூக்கப் போய் மூன்றாவது ஆளாக அவரும் போனார். முன்பின் தெரியாதவர்களுக்காக உயிரைக் கொடுத்த மனிதர் என்று தெருவில் இன்றும் அவரைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு வந்தால் காத்தக்கா எழுந்து போய்க் கம்ப்ரசரைத் துடைப்பாள்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மாமா! மாமா!" என்று ஒரு குரல் கேட்டது. முதலில் சும்மா கூப்பிடுவது போலத்தான் இருந்தது. நாலாவது "மாமா"வில் குரல் உடைந்தது.

டியூபை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கார்கள் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி திறந்து கிடந்தது. ஓர் ஆள் நுழையக்கூடிய சதுர வாய், அதிலிருந்து நீட்டிக்கொண்டு ஓர் அலுமினிய ஏணி. சுற்றிலும் எட்டுப் பத்துப் பேர். ஒரு வருடமாக மூடியே கிடந்த தொட்டியைச் சுத்தம் செய்ய அன்றைக்கு இரண்டு பேரை வரவழைத்திருந்தார்கள். மூத்தவர் வாளியோடு உள்ளே இறங்கியிருக்கிறார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கணுக்கால் அளவுச் சேற்றில், சுவரோடு சாய்ந்து, தலை தொங்கிப்போய்க் கிடந்தார்.

மேலே நின்றவன் அவருடைய மைத்துனன். இருபத்தைந்து வயது இருக்கும். "மயக்கம் போட்டுட்டார், நான் போய்த் தூக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே ஏணியின் இரண்டாவது படியில் கால் வைத்துவிட்டான்.

"போப்பா, சீக்கிரம் போ!" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

காத்தக்கா அவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். லாரி டயரைப் புரட்டிப் பழகிய கை. அவன் மல்லாந்து தரையில் விழுந்தான். அவன் எழுந்திருப்பதற்குள் அவள் ஏணியை இரண்டு கையாலும் பிடித்து, சரசரவென்று மேலே இழுத்து, தூரப் போட்டாள்.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பிறகு முதல் மாடிப் பால்கனியிலிருந்து ஓர் அம்மா அலறினாள்: "ஐயையோ, ஏணிய எடுத்துட்டாளே! உள்ள ஆள் இருக்கே!"

"பைத்தியமா உனக்கு?" என்று மைத்துனன் பாய்ந்து வந்தான்.

"கீழ காத்து இல்ல தம்பி. நீ இறங்கினா நீயும் விழுவ. அப்புறம் ரெண்டு பேர் ஆயிடும்."

"மூச்சப் புடிச்சுக்கிட்டுப் போறேன்!"

"அவரு உன்ன விடக் கனம். அவரத் தூக்கிக்கிட்டு ஏணி ஏற உனக்கு எத்தன மூச்சு வேணும்?"

அவன் கேட்கிற நிலையில் இல்லை. ஏணி இல்லாமலே குதிக்கப் பார்த்தான். அவள் அந்த வாயின் மேல் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். அவன் அவள் கையைப் பிடித்து முறுக்கினான், கடித்தான். அவள் நகரவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சும்மாதானே நிக்கிறீங்க, இவரப் புடிங்க. விடாதீங்க" என்றாள். தயங்கித் தயங்கி வந்தவர்கள், பிடித்த பிறகு கெட்டியாகவே பிடித்துக்கொண்டார்கள்.

"போன் பண்ணியாச்சா?" என்று கத்தினாள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆளாளுக்கு அடுத்தவர் பண்ணியிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். காத்தக்கா பால்கனி அம்மாவை நேராகக் கை காட்டினாள். "அம்மா, நீங்கதான். தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும். தொட்டிக்குள்ள ஆள் மயங்கிட்டார், காத்து சிலிண்டரோட வரணும்னு சொல்லுங்க." அந்த அம்மா அலறுவதை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

குடியிருப்பின் செயலாளர் சாவிக்கொத்தைக் கையில் உருட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

"சார், இந்தத் தொட்டிக்கு இன்னொரு மூடி இருக்கா?"

"இருக்கு... அந்தக் கோடியில. மேல பூச்சாடி வச்சிருக்கு."

பூச்சாடி என்றால் ஒன்றிரண்டு இல்லை, பதினாலு. கை வைத்தால் அபராதம் என்று அவரே பலகை எழுதி மாட்டியிருந்தார். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே ஓடிப்போய் முதல் சாடியைத் தூக்கினார். அதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். யாரோ ஒருத்தர் அவசரத்தில் இரண்டைப் போட்டு உடைத்தார். செயலாளர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குள் காத்தக்கா சுவரோரமாகப் போய், கடையில் காற்றடிக்கக் காத்திருந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டாள். "கம்ப்ரசரப் போட்டுட்டு அந்தப் பெரிய ஓஸைச் சுவருக்கு மேல தூக்கிப் போடுங்க!" லாரிக்குக் காற்றடிக்க வைத்திருந்த நீளமான ரப்பர்க் குழாய் சுவரைத் தாண்டி வந்து விழுந்தது. ஒட்டடைக் கம்பு ஒன்றில் அதன் நுனியைக் கட்டி, தொட்டிக்குள் விட்டு, விழுந்து கிடந்தவரின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். காற்று சீறியது. அவருடைய நெற்றி முடி பறந்தது. அந்தக் கோடி மூடியும் திறந்து, உள்ளே ஒரு பட்டை வெளிச்சம் விழுந்தது. யாரோ ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள்.

இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருப்பதுதான் கொடுமை. "ஒரு பொம்பள சொல்றான்னு எல்லாரும் நிக்கிறீங்களே" என்று ஒரு குரல். "செத்தா இவதான் பொறுப்பு" என்று இன்னொன்று. மைத்துனன் கத்தி ஓய்ந்து, "மாமா, மாமா" என்று முனகிக்கொண்டிருந்தான். அப்போது கீழே கிடந்தவரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொர்ரென்று, நீளமாக.

"உசுரு இருக்கு! விடுங்கடா!" என்று மைத்துனன் துள்ளினான்.

காத்தக்கா கீழே எட்டிப் பார்த்தாள். இறங்கினால் என்ன, ஒன்பதடி ஆழம்தானே, இப்போதுதான் காற்று போகிறதே, ஒரு நிமிடத்தில் தூக்கிவிடலாமே என்று அவள் கால்களே அவளிடம் கேட்டன. நான் நினைப்பது தப்பாக இருந்தால்? உயிரோடு இருப்பவரை உள்ளே வைத்துக்கொண்டு, காப்பாற்ற வந்தவனைத் தடுத்துச் சாகடித்தவள் ஆகிவிட்டால்? கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "மூச்சு விடுங்க, அண்ணா" என்று குனிந்து கத்தினாள். "உங்களுக்குத்தான் இந்தக் காத்து. விடுங்க, இழுங்க. ஆள் வந்துக்கிட்டே இருக்கு."

பதினாறு நிமிடம் ஆயிற்று. தீயணைப்புக்காரர்கள் வந்து, ஒருவர் முகமூடியும் சிலிண்டருமாக இறங்கி, கயிறு கட்டி அவரை மேலே ஏற்றினார்கள். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மார்பு ஏறி இறங்கியது. இறங்கியவர் முகமூடியைக் கழற்றிவிட்டு, அவளையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "வேற யாரும் இறங்கலையா?" என்றார். "இறங்க விடல" என்றாள் அவள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆம்புலன்ஸில் மைத்துனன் ஏறிக்கொண்டான். அவள் கடையைப் பாதி சாத்திவிட்டு, கரி படிந்த கையோடு மொபெட்டில் பின்னாலேயே போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் அவனும், எதிர்ப் பெஞ்சில் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் அவனுடைய அக்கா வந்தாள், தையல் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க. விழுந்தவரின் மனைவி. யார் போனில் என்ன சொன்னார்களோ, வந்த வேகத்தில் தம்பியின் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"உன் மாமா உள்ள கெடந்தப்ப நீ மேல நின்னு பாத்துக்கிட்டிருந்தியாமே! உன்ன நம்பித்தானேடா அவர அனுப்பினேன்! எறங்க உனக்கு பயமா?"

அவன் அடி வாங்கிக்கொண்டே நின்றான்.

காத்தக்கா எழுந்து போய் அவர்களுக்கு நடுவில் நின்றாள்.

"அவர அடிக்காதீங்கம்மா. அவரு இறங்கத்தான் போனாரு. ஏணிய இழுத்துப் போட்டது நான்."

"நீங்க யாரு?"

"பக்கத்துல பஞ்சர் கட." பதினோரு வருடமாக யாரிடமும் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத ஒருத்தியிடம் சொன்னாள். "எம் புருஷனும் இப்படித்தான் போனாரு. ரெண்டு பேர் உள்ள கெடந்தாங்க. இவரு வண்டிய நிறுத்திட்டு யோசிச்சுக்கிட்டு நின்னாரு. 'ஏதோ சரியில்லடி, ஆளுங்க வரட்டும்'னாரு. நான்தான்... 'மனுஷங்க சாகறாங்க, மரமாட்டம் நிக்கிறீங்களே, போங்க'ன்னு முதுகுல கை வச்சுத் தள்ளினேன். அவருக்குத் தோணிச்சு. நான் விடல. ஊரு அவரத் தைரியசாலின்னு சொல்லுது. அனுப்பினது நான்னு யாருக்கும் தெரியாது."

தாழ்வாரத்தில் ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போயிற்று. அந்தப் பெண் தம்பியிடமிருந்து கையை எடுத்தாள். பிறகு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நான் அங்க இருந்திருந்தா, இவனப் போடான்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் மெதுவாக. "நானும்தான் தள்ளியிருப்பேன்."

காத்தக்காவுக்கு அழுகை வந்தது. கரிக் கையால் கண்ணைத் துடைக்கப் போனவளை அந்தப் பெண் பிடித்து நிறுத்தி, தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைத்துவிட்டுப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு நர்ஸ் வந்து, "முழிச்சுட்டார். ஒவ்வொருத்தரா போய்ப் பாருங்க" என்றாள். மனைவி போய்விட்டு வந்தாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள். "வாளிய மேல எடுத்தாச்சான்னு கேக்கறாரு. புது வாளியாம்."

மைத்துனன் சிரிக்கப் போய், தேம்பினான். அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. வேலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர்.

"ஆமாங்க, பொழச்சுக்கிட்டாரு" என்றான். கேட்டுக்கொண்டே இருந்தான். "நாளைக்கு இன்னொரு தொட்டியா? நாளைக்கு முடியாதுங்க. அந்தத் தொட்டி மூடிய முதல்ல தெறந்து போடச் சொல்லுங்க. அப்புறம் காத்து அடிக்கணும், உள்ள காத்து இருக்கான்னு அளந்து பாக்கற மிஷின் வேணும், இடுப்புல கயிறு கட்டணும். அதெல்லாம் இருந்தா வரேன்."

மறுமுனையில் குரல் ஏறியது பெஞ்சுவரைக்கும் கேட்டது.

"வேற ஆள் அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா யாரு, எங்கன்னு சொல்லுங்க. அங்க வந்து நான் ஏணிய எடுத்துட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டு அவன் போனைப் பையில் போட்டான்.