ராயப்பன் காட்டுதல்

சுரங்கத்தில் நிலக்கரி தட்டுப்பட்ட வருஷம், போர்மேன் சக்கரபாணியின் நொண்டல் காண்ட்ராக்ட் கூலி ராயப்பனின் காலுக்கு மாறியது. டீ நேரத்தில் நாலு பேர் சிரிக்கட்டுமே என்று அவரைப் போல நடந்து பழிப்புக் காட்டினான். காட்டிய காலை இழுத்தபடியே வடக்குத்து கிராமத்தில் இருந்த தன் குடிசைக்கு வந்து சேர்ந்தான். சக்கரபாணி அன்று விசுக் விசுக்கென்று நடந்து குவார்ட்டர்ஸுக்குப் போனார். ஊனத்தைப் பழித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அதட்டுவதுதான். ஒட்டிக்கொண்டால் உடையவரை விட்டுப் போய்விடும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? குவார்ட்டர்ஸிலிருந்து பிளாக் பிளாக்காகக் கிளம்பி வந்தார்கள். "என்னக் கொஞ்சம் காட்டுங்க ராயப்பன்" என்று கெஞ்சி, இருமலை, மாறுகண்ணை, தலைநடுக்கத்தை அவனிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பழிப்பு என்ற சொல்லே அங்கே வழக்கொழிந்து, 'ராயப்பன் காட்டுறது' என்று ஆகிவிட்டது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்டாட்டி வீராயிக்குத்தான் பிடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேறு யாரோ ஒருவன் வீட்டுக்குள் நுழைவது போலிருந்தது அவளுக்கு. கைப்பிள்ளை அம்சவல்லி அப்பனிடம் போகவே போகாது. வீராயியின் குரல் கேட்டால்தான் அழுகையை நிறுத்தும்.

செல்வாக்குள்ள ஒருவரின் தகப்பனாருக்குக் கண் தெரியாது. அவரைக் காட்டினால் ராயப்பனுக்குப் பர்மனென்ட் வேலை என்று ஆள் வந்து சொன்னான். ராயப்பன் சட்டையை மாட்டினான். வீராயி வாசலை மறித்தாள்.

"கண்ணு போயிட்டா பர்மனென்ட்ட வச்சிகினு இன்னா பண்ணுவ? போவாதய்யா."

ஆள் முன்னால் மறித்ததில் ராயப்பனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. இடுப்பில் கையை ஊன்றி, முகத்தைக் கோணி, "போவாதய்யா" என்று இழுத்தான்.

அச்சு அசல் அவள் குரல். வீராயி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தூளியில் அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு ராயப்பனைப் பார்த்துச் சிரித்தது.

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வேலைக்குக் கூப்பிட வந்தவன் ஓட்டமாய் ஓடிப்போனான். வீராயி பதிலுக்கு ராயப்பனைக் காட்டிப் பார்த்தாள். காட்டுவதற்குக் குரல் வேண்டுமே. அதன் பிறகு ராயப்பன் யாரையும் காட்டவில்லை.

நாளாவட்டத்தில் அவள் உதடு அசைந்தால் அவன் வாயில் பேச்சு வந்தது. சந்தையில் அப்படித்தான் பேரம் பேசினாள். அவனைத் திட்டுவதற்கும் அவன் வாய்தான். நிறையவே திட்டினாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அம்சவல்லிக்குப் பேச்சு வந்த அன்று அது அப்பன் மடியில் ஏறி, அவன் வாயைத் தொட்டு, "அம்மா" என்றது. அடுப்பருகே வீராயியின் உதடு அசைந்தது.

"இன்னாடி கண்ணு" என்றான் ராயப்பன்.