மீட்டர்க்காரம்மாவின் தோள்பை

மீட்டர்க்காரம்மாவின் தோள்பைக்குள் அவருடைய கணவர் குடியேறியது ஒரு மழைநாளில். குடையை மடித்து, "உன் பையில போட்டுக்கோயேன்" என்று நீட்டியவர், குடை போன வழியிலேயே தானும் இறங்கிவிட்டார். உள்ளே நனையவில்லை, கால் நீட்ட இடமும் இருந்தது. பிறகு எதற்கு வெளியே வருவானேன்? அந்த வீட்டில் எல்லோருமே கையை வீசிக்கொண்டு நடக்கிறவர்கள். மாமனாரின் கண்ணாடி, நாத்தனாரின் தண்ணீர் பாட்டில், கொழுந்தனின் ஹெல்மெட் என்று எதுவானாலும் அந்தப் பைக்குத்தான் போகும். அதனால் கூடவே ஓர் ஆள் சேர்ந்ததை மீட்டர்க்காரம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பா காலியாக இருப்பதுதான் எரிச்சலாக இருந்தது. வீட்டிலும் யாரும் தேடவில்லை. சோபாவில் இருந்தபோதே கூப்பிட்டால் வராத மனிதர்.

வருடங்கள் ஓடின. மீட்டர்க்காரம்மாவின் வலது தோள் இறங்கியது, கழுத்து வலப்பக்கமே சாய்ந்து நின்றுவிட்டது. தைலம் தேய்த்தார், தலையணையை மாற்றினார், பையில் மட்டும் கை வைக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கரண்ட் கணக்கெடுக்கிற வேலை. மீட்டர்களோ கதவுக்கு மேலே உயரத்தில் இருப்பவை. சாய்ந்த கழுத்துக்குப் பக்கத்து வாசல் மீட்டர்தான் தெரிந்தது. ஐஸ் கம்பெனி ஓட்டிய கரண்டுக்குத் தையல்காரர் வீட்டுக்கு பில் போனது. தையல்காரர் ஆபீசுக்கு வந்து அழுத அழுகையில், மாத முடிவுக்குள் கழுத்து நிமிராவிட்டால் வேலை கிடையாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மொத்தக் குடும்பமும் சாப்பிடுவது அந்த ஒரு சம்பளத்தில். மீட்டர்க்காரம்மா அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் கழுத்தைத் தொடவே இல்லை. பையை எடை மெஷினில் வைத்தார். முள் ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது. ஜிப்பைத் திறந்தார். கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தி வணக்கம் சொன்னார்.

"இவரை எத்தனை நாளா தூக்கறீங்க?"

"பையிலயா டாக்டர், மொத்தமாவா?"

இரண்டு தோளிலும் மாட்டி முதுகோடு ஒட்டி நிற்கிற பையாக இருக்க வேண்டும், உள்ளே வேலைக்குத் தேவையானது மட்டும், கணவர் கூடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்னார்.

"ஒரு ஓரமா இருந்துக்கறேனே" என்றார் கணவர்.

"எறங்குங்க. எனக்கு என் கழுத்து வேணும்."

மாதம் முடிவதற்குள் கழுத்து நிமிர்ந்தது. தையல்காரருக்கு அவருடைய பில்லே போனது. கணவர் நடக்கப் பழகினார். இருந்த இடத்தைப் பிரிய மனசில்லையோ என்னவோ, புதுப்பையைத் தானே இரண்டு தோளிலும் ஒழுங்காக மாட்டிக்கொண்டு மனைவியின் பின்னால் தினமும் வந்தார். பைக்குள் ஓர் ஆள் அத்தனை வருடம் வாழ்ந்ததைப் பற்றித் தெருவில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. பெண்டாட்டியின் பையைப் புருஷன் தூக்கிக்கொண்டு போகிறான் என்றதும்தான் எல்லோரும் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடிவந்து பார்த்தார்கள்.