பொறியறையின் இருமல்

கதிரவன் தன் செம்பொற் கதிர்களைச் சுருட்டிக்கொண்டு கழிமுகத்தில் இறங்க, இரைதேடிக் களைத்த நாரைகள் நிரைநிரையாய்க் கரை திரும்ப, ஆற்றோரத்தில் நெடிதுயர்ந்து நின்ற அருங்காட்சியகத்தின் சாளரங்கள் ஒவ்வொன்றாய் ஒளியிழந்து வந்த வேளை அது. அதன் கீழ்த்தளத்தே, ஓட்டம் ஓய்ந்த பயணப்படகு ஒன்றின் பொறி, சங்கிலியிற் பிணித்த முதுகளிறு போற் கிடந்தது. ஆயினும் அவ்வறை ஊமையன்று. பொறி இறுதியாக ஓடிய நாளில் பதித்துவைத்த அதன் முழக்கம், சுவரில் மறைந்த ஒலிபெருக்கியினின்று ஓயாமல் வழிந்துகொண்டிருந்தது.

அவ்வறையைக் காத்தவள், அப்பொறியை இயக்கியவனின் மனைவி. கணவன் மண்ணோடு மண்ணாகி ஆண்டுகள் கடந்தும், அம்முழக்கத்தின் நடுவே அவன் இருமல் மட்டும் உயிரோடிருந்தது. வருவோரெல்லாம் பொறியைக் கேட்க, அவளோ முழக்கம் தணிந்து, நீராவி சீறி, அதன்பின் எழும் அந்த வறண்ட இருமலுக்கே காத்திருப்பாள். கேட்டதும், வீட்டில் அவன் இருமுந்தோறும் நீர் தந்து பழகிய கை தன்னையறியாமல் தண்ணீர்க் குவளையை நோக்கி நீளும், நாணிப் பின்வாங்கும், கண் கலங்கும்.

அக்கலக்கத்தைப் பன்முறை கண்டு நெஞ்சு வெதும்பியவன் அவள் கொழுந்தன். அங்கேயே ஒலிக்கருவிகளைப் பேணும் தொழிலினன். அன்று மாலை, கைக்குள் பரிசை மறைத்துவரும் பிள்ளைபோல் முகமலர்ந்து வந்தான்.

“அண்ணி, இனிமே இங்க நிம்மதியா உக்காரலாம். அந்த இருமலை எடுத்துட்டேன்.”

“எடுத்து எங்க தம்பி வச்சிருக்க?”

“வைக்கிறதா? அழிச்சாச்சு! அண்ணன் இருந்தா, ‘நான் உயிரோட இருக்கறப்பவே எடுத்திருக்கக் கூடாதாடா’ன்னு கேட்டிருப்பாரு.”

அவள் சிரிக்கவில்லை.

“பழசு எங்கயாச்சும் இருக்கும்ல?”

“இருந்தது ஒண்ணுதான் அண்ணி. அது மேலயே புதுசைப் பதிஞ்சுட்டேன்.” அவள் முகம் போன போக்கைக் கண்டு அவன் குரல் கம்மிற்று. “ஒவ்வொரு தடவையும் நீங்க அழறதைப் பாக்க முடியல. அதான்...”

வைய வாயெடுத்தவள் தன்னை அடக்கிக்கொண்டாள். அன்பினால் அடித்தவனை எப்படி நோவது? அவனும் அண்ணனை இழந்தவன் அல்லனோ?

“நல்லாத்தான் இருக்கு. நீ போய்ச் சாப்பிடு” என்றாள்.

பொறி முழங்கிற்று, தணிந்தது, நீராவி சீறிற்று. இருமல் எழவேண்டிய இடத்தில் மாசற்ற அமைதி நின்றது. இறப்புச் செய்தி எட்டாத ஊர்போல், அவள் கை மட்டும் குவளையை நோக்கி நீண்டு, பின்வாங்கவும் அறியாமற் பாதியிலே நின்றது.

நல்லோரே, பிறர் கண்ணீரைத் துடைக்க விழைவீராயின், அது எச்சுனையில் ஊறுவதென்று ஒருகாற் கேட்டறிமின். சுனையைத் தூர்த்தபின் அழவும் நீரில்லை, அருந்தவும் நீரில்லை.