வாகீசன் விட்டுப்போன மொழி

வாகீசன் இறந்த அடுத்த வருடம் சிவகௌரி மறுபடியும் அவர் குரலைக் கேட்டாள். கேட்டாள் என்பதைவிட வாசித்தாள் என்பதே சரி.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வாகீசன் அவளுக்கு மூத்தவர். கணினி நிரல் எழுதுவதற்கு ‘இழை’ என்று சொந்தமாக ஒரு மொழியை உருவாக்கியிருந்தார். ஓம், இல்லை என்ற இரண்டு விடைகள் போதாது, தெரியாது என்பதும் ஒரு விடைதான் என்பது அவருடைய பிடிவாதம். தெரியாவிட்டால் என்ன செய்வது என்று எழுதாத நிரலை இழை ஓடவே விடாது. அதனால் அதில் எழுதியவை பழுதாவது குறைவு. அதனாலேயே பலருக்கு அது அலுப்பாகவும் இருந்தது. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று மாணவர்கள் கேட்டார்கள். இது தெரிந்த ஆட்கள் கிடைப்பார்களா என்று நிறுவனங்கள் கேட்டன. இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில் வருடங்கள் போயின. கொஞ்சம் இளக்கிவிடச் சொல்லி கௌரியும் கேட்டுப் பார்த்தாள். அவர் சிரித்ததோடு சரி. பிறகு ஒருநாள் பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

இழையில் எழுதிய ஒரேயொரு நிரல் மட்டும் குருநகர் மீனவர் சங்கமொன்றின் பழைய கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போன படகுகளில் எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று படகிலுள்ள கருவியின் சமிக்ஞை கடைசியாக எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அது சொல்லும். அதை எல்லாருக்கும் தெரிந்த ஒரு மொழியில் எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் பெர்னடெட் கேட்டதால் கௌரி அங்கே போனாள்.

பழைய நிரலைத் திறந்து ஒரு வரியை மாற்றிப் பார்த்தாள். திரையில் எழுத்து வந்தது.

“கௌரி, உதிலை ஒரு பிழை கிடக்கு. பதறாமல் பார்.”

உள்ளே நுழைபவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி வாகீசன் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அது விளங்கியும், அந்தப் ‘பதறாமல்’ அவர் சொல்லும் விதமாகவே காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் உட்காராத கதிரை. அடுத்து வந்த நாட்களில் விட்ட பிழைகளைத் தெரியாமல் விட்டாளா, வேண்டுமென்று விட்டாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

புதிய நிரல் ஓடத் தொடங்கிய காலை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புதியது எல்லாப் படகும் கரையில் என்றது. பழையதில் மரியரட்ணத்தின் படகுக்கு நேரே ‘தெரியாது’ என்று நின்றது.

பழையது பிழை விடுகிறதோ என்று பெர்னடெட் கேட்டாள். கௌரி தான் எழுதியதைத் திறந்து பார்த்தாள். கரைக்கு வந்தவர்கள் கருவியை நிறுத்திவிடுவார்கள் என்ற எண்ணத்தில், சமிக்ஞை வராத படகெல்லாம் கரையில் என்று அவள் எழுதியிருந்தாள். மரியரட்ணத்தின் கருவியோ கரைக்கு வராமலே நடுக்கடலில் ஓய்ந்திருந்தது.

“அக்கா, அவர் வந்திட்டாரோ எண்டு ஆளை விட்டுப் பாருங்கோ. கெதியா.”

இறங்குதுறையில் அவர் படகு இல்லை. தேடிப் போனவர்கள் மண்டைதீவுக்கு அப்பால், கவிழ்ந்த படகைப் பற்றியபடி மிதந்த மனிதரைக் கண்டு தூக்கிவந்தார்கள். பேச முடியவில்லை. உயிர் இருந்தது.

கௌரி புதிய நிரலைத் திருத்தினாள். பழையதும் ஓடட்டும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

“நல்ல சாமான்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை,” என்றாள் பெர்னடெட். “நாளைக்கு நீங்களும் கனடாவுக்குப் போயிட்டால் உதோடை ஆர், பிள்ளை, கதைக்கிறது?”

அடுத்த கிழமை கௌரியே பழைய நிரலை நிறுத்தச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்தாள். அதுவரை ஒருவரும் அதை நிறுத்தியதில்லை.

“அப்ப நான் போட்டு வாறன், கௌரி.”

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, போய்விட்டு வருகிறேன் என்று அவர் வழக்கமாகச் சொல்வது அதுதான். பின்னால் நின்று வாசித்த பெர்னடெட் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டாள். பிறகு திரையைப் பார்த்து, மெதுவாக, “ஓம், போட்டு வாங்கோ,” என்றாள்.