ருஷா தேய்த்த கற்கள்

"வெந்நீர்லயா? வெந்நீர்லயா கழுவுன?"

"பின்ன, பச்சத் தண்ணியில அந்தக் கொழகொழப்பு போவுமா? தேய்ச்ச தேய்ப்புல என் தோளே—"

"தேய்க்க வேற செஞ்சியா!"

"கத்தாதீங்க அத்தான். நாறுச்சு. முடி மாதிரி என்னமோ முளைச்சுக் கிடந்துச்சு. செத்த பையனோட சாமானை அப்படியா வைப்பாங்க?"

மாதோ தலையில் கை வைத்துக்கொண்டு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஓசியெக் நகரத்தில் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதிரே நின்ற ருஷா அவர் மனைவி நேவெங்காவின் தங்கை. அனைத்துப் புனிதர் திருநாளுக்குக் கல்லறை துடைக்க ஒத்தாசையாக வந்திருந்தாள். காலையில் அவர்கள் மகன் தாமிரின் கல்லறையைப் பளபளவென்று தேய்த்தாள். அக்காவும் அத்தானும் மெழுகுவத்தி வாங்கப் போன நேரத்தில் வீட்டுக்கு வந்து, அதே பிரஷ்ஷால் அவன் வளர்த்த மீன் தொட்டியின் கற்களையும் தேய்த்தாள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் வைத்து உலர்த்தி, உப்புத் தண்ணீர் நிரப்பியிருந்த புதுக் கண்ணாடித் தொட்டிக்குள் அழகாக அடுக்கியும் வைத்துவிட்டாள்.

தாமிரின் வாடகை வீட்டைக் காலி செய்தபோது பழைய தொட்டி மாடிப்படியில் இடித்து விரிசல் விட்டிருந்தது. கற்களை மட்டும் ஒரு நீலப் பிளாஸ்டிக் டப்பில் உப்புத் தண்ணீரில் உயிரோடு வைத்திருந்தார் மாதோ. அவன் வளர்த்த இரண்டு மீன்களும், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்டவை, அதே டப்பில் காத்திருந்தன.

"அந்தக் கொழகொழப்புலதான் உயிரு இருக்கு, ருஷா. மீனோட கழிவைத் தின்னு தண்ணிய நல்லதாக்குறது அதுதான். கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் நான் எங்கிட்டுப் போய்ப் பாப்பேன்? ட்ராம் ஓட்டுனவரு, ரெண்டு புஸ்தகம் படிச்சுட்டுத் தண்ணி டாக்டராயிட்டாரு!"

மாதோ எழுந்து, தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்துச் சோதனை மருந்துச் சொட்டு விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டியது பாசிப் பச்சையாக மாறிற்று. அப்போதுதான் நேவெங்கா செவ்வந்திப் பூக்களோடு உள்ளே வந்தாள்.

"இன்னைக்கு மீனை உள்ள விட்டுரலாம்னீங்களே?"

"முடியாது. கல்லுல இருந்ததெல்லாம் செத்து அழுகுது. அம்மோனியா. இப்ப அது விஷத் தண்ணி."

"எப்ப முடியும்?"

"முதல்லேருந்து ஆரம்பிக்கணும். வாரக்கணக்காவும்."

"அது வரைக்கும் டப்புலயா?"

அவர் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு வேலையே நடக்கவில்லை. மாதோ உப்புக் கலக்குவார், சூடு பார்ப்பார், டப்புத் தண்ணீரில் பாதியை மாற்றுவார். மறுபடி சோதித்தால் குழாயில் இளம்பச்சை ஏறியிருக்கும். கற்கள் போனபின் சுத்தம் செய்ய அந்த டப்பில் எதுவும் இல்லை. மீன்கள் தங்கள் கழிவுக்குள்ளேயே மூச்சு விட்டன. நேவெங்கா டப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, "சாப்பிடுடா, கொஞ்சம் சாப்பிடு" என்பாள். "தீனி போட்டா இன்னும் கெட்டுரும், விடு" என்பார் மாதோ. ருஷா ஊருக்குப் போகாமல் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள்.

திருநாளன்று மூவரும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பியபோது சின்ன மீன் பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தது.

"நான்தான் கொன்னுட்டேன்க்கா."

"இல்லடி. கல்லறையக் கூட நீதானே அவ்வளவு அழகா வச்சிருந்த." நேவெங்கா தங்கையின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ருஷாவின் அழுகை அதற்கப்புறம்தான் அதிகமாயிற்று.

மறுநாள் மாதோ வளர்ப்பு மீன் கடைக்காரனிடம் போனில் பேசினார்.

"அவன்கிட்ட வருஷக்கணக்கா ஓடுற தொட்டி இருக்கு. நல்ல தண்ணி. இன்னைக்கே கொண்டாரச் சொல்றான்."

"கடையில விடவா? விலை எழுதி ஒட்டிருவான்."

"விக்க மாட்டேங்கறான். நம்ம தொட்டி தயாரானதும் திரும்ப எடுத்துக்கலாம்."

"தாமிர் கையில வந்து தின்னதுங்க இது. அவன்கிட்ட இருந்து எனக்குன்னு மிச்சம் வேற என்ன இருக்கு? இங்கயே இருக்கட்டும்."

"இங்க இருந்தா இதுவும் செத்துரும், நேவெங்கா."

"அக்கா," ருஷா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "எனக்குச் சொல்ல வாயில்ல. ஆனாலும் குடுத்துருக்கா."

மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செவுள்கள் படபடத்தன. நேவெங்கா வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு அவளே எழுந்துபோய் மூடி போட்ட வாளியைக் கொண்டுவந்தாள். வலையால் துரத்த விடவில்லை. கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்து, அது தானாக வரும்வரை காத்திருந்தாள். வெளியே குளிர் என்று தன் கம்பளிச் சால்வையை வாளியைச் சுற்றிக் கட்டினாள்.

மாதோ வாளியைத் தூக்கிக்கொண்டு கதவருகே நின்றார்.

"எல்லா வசதியும் இருக்கு அங்க. நல்லா பாத்துக்குவாங்க. கவலப்படாத."

"தாமிரை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க."